தானம் வந்த வண்டியின் பல்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என் மாமா எனக்குத் தானமாகத் தந்தது மாடு அல்ல, ஸ்டாண்டர்ட் 20 பிக்கப். அதன் பல்லை எண்ணுவதிலேயே நான் பணி ஓய்வு பெற்ற முதல் ஆறு மாதம் போய்விட்டது.

வண்டி எங்கள் ஊர்ப் பிள்ளைதான். பெருங்களத்தூரைத் தாண்டி வண்டலூர் போகும் வழியில், ஹெரால்டு காரெல்லாம் செய்த ஸ்டாண்டர்ட் ஆலையில் பிறந்தது. அந்த ஆலைக்காரர்கள் 1985-ல் ரோவர் எஸ்.டி.1 காரின் கம்பீரமான உடம்பை வாங்கி, அதற்குள் பழைய வேன்கார்டு வம்சத்து இரண்டு லிட்டர் எஞ்சினை வைத்து, ஸ்டாண்டர்ட் 2000 என்று விற்றார்கள். பட்டு வேட்டி கட்டிய மாப்பிள்ளைக்கு மூச்சிரைப்பு. 1988-ல் ஆலையே நின்றுபோயிற்று. உடம்பு ஒன்று, உயிர் ஒன்று என்று பொருத்துவது இந்த மண்ணில் புதிதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

என் வண்டியின் எஞ்சின் 2015 டிசம்பரில், முடிச்சூர் வெள்ளத்தில் கழுத்தளவு தண்ணீரில் நின்று ஜலசமாதி ஆனது. எட்டு வருடம் பின்கட்டில் கோழிக்கு நிழல் தந்துகொண்டிருந்த வண்டியைப் பார்த்து மகன், “மோட்டார் வச்சிடலாம்பா” என்றான். மோட்டார் வைப்பது சுலபம். கியர் பாக்ஸ் வேண்டுமா வேண்டாமா என்ற கேள்வியில்தான் தெரு இரண்டானது.

வேண்டாம் கட்சிக்குத் தலைவர், மின்ரயில் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர். “தம்பி, 1931-லேர்ந்து பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் கரண்ட் வண்டி ஓடுது. எந்த டிரைவராவது கிளட்ச்ச மிதிச்சு கியர் மாத்தி நீ பாத்திருக்கியா?”

பார்த்ததில்லை. மோட்டாரில் ஒரு சின்னப் பல்சக்கரம், அச்சில் ஒரு பெரிய பல்சக்கரம், அவ்வளவுதான் ரயிலின் குடும்பம். பெட்ரோல் எஞ்சினுக்கு நிமிடத்துக்கு எழுநூறு, எண்ணூறு சுற்றுக்குக் கீழே போனால் உயிர் போய்விடும். அதைத் தாஜா பண்ணத்தான் கிளட்சும் நாலு கியரும். மின்மோட்டாருக்கு அந்த நோவு கிடையாது. நின்ற நிலையிலேயே முழு இழுவையும் தரும். பெரியவர் சொன்னது சரியாகவே பட்டது.

“ரயிலுக்கு அந்தப் பல்லை ரயிலுக்குன்னே வெட்டினாங்க சார். உங்க வண்டில என்ன இருக்குன்னு மொதல்ல எண்ணுங்க” என்றார் பட்டறை மேஸ்திரி.

எண்ணினோம். ஒரு பக்கப் பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கி, சாக்பீஸால் கோடு போட்டு, இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். தரையில் நிற்கும் சக்கரம் அசையாததால் டிஃபரன்ஷியல் பாதியைத் தின்றுவிடும், அதற்காகத்தான் இரண்டு. சக்கரத்தில் நான். வண்டிக்கடியில், பின்அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஜாயிண்ட் ராடு எத்தனை முறை சுற்றுகிறது என்று பார்க்க என் மனைவி. முதல் தடவை நாலு. இரண்டாம் தடவை தண்ணீர் லாரி ஹாரன் அடித்ததில் கணக்கு விட்டுப்போயிற்று. மூன்றாம் தடவை, “நாலரை. அடுப்புல பால் இருக்கு” என்று எழுந்து போய்விட்டாள்.

கடைசியில் மேஸ்திரி ஹவுசிங்கையே திறந்தார். கிரவுன் என்ற பெரிய சக்கரத்தில் 41 பல், பினியன் என்ற சின்னதில் 9. வகுத்தால் 4.56. மனைவியின் கணக்கு அவ்வளவு பிசகவில்லை. “இது இந்த வண்டிக்குப் பொறந்த கிரவுனே இல்ல சார். எவனோ புதுப்பேட்டைல பழசு வாங்கி மாட்டியிருக்கான்.” ஏன் 41, ஏன் 9, ஒழுங்காக 40-க்கு 10 என்று வைக்கக் கூடாதா என்றேன். அப்படி வைத்தால் ஒரே பல் அதே நாலு பல்லையே திரும்பத் திரும்பக் கடித்துக்கொண்டிருக்கும். பொருந்தா எண் என்றால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லையும் சந்தித்துச் சமமாகத் தேயும் என்றார். கல்யாண வீட்டில் சண்டைக்காரச் சம்பந்திகளைப் பந்திக்குப் பந்தி இடம் மாற்றி உட்காரவைக்கும் அதே ராஜதந்திரம்.

அன்றிரவு தையல் டேப்பால் டயரின் சுற்றளவை எடுத்தேன்: 2.1 மீட்டர். மகன் பார்த்துவைத்த மோட்டார் 6000 சுற்று ஓடும். கியர் பாக்ஸ் இல்லாமல் நேராகக் கோத்தால் உச்ச வேகம் மணிக்கு 165 கிலோமீட்டர். கேம்ப் ரோடு சிக்னலில் நான் பதினாறரையையே பார்த்ததில்லை.

இழுவைதான் இடித்தது. மோட்டாரின் 150 நியூட்டன் மீட்டர், 4.56-ஆல் பெருகிச் சக்கரத்தில் 684 ஆகும். ஒரு டன் சரக்கோடு வண்டி 2200 கிலோ. நூறடிக்கு எட்டடி உயரும் சரிவுவரை ஏறும். மேம்பாலத்துக்குப் போதும். மகனின் அடுக்குமாடியில் காரை நிலவறைக்கு இறக்கும் சரிவு ஐந்தடிக்கு ஓரடி. அங்கே சரக்கோடு இறங்கினால், மேலே வர கிரேன்தான். முக்கி நிற்கும் மோட்டார் சுற்றாமலே மின்சாரத்தைக் குடித்துச் சூடாகும் என்பது வேறு.

பல் விகிதம் கூடின கிரவுன் பினியனுக்காகப் புதுப்பேட்டையில் இரண்டு நாள் அலைந்தோம். ஒரு கடைக்காரர் அந்த வண்டியின் பெயரைக் கேட்டதும் துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்தார்.

ஆக, வேண்டும் கட்சி ஜெயித்தது. பழைய கியர் பாக்ஸின் இரண்டாவது கியர் 2.2. சக்கரத்தில் 1500 நியூட்டன் மீட்டர், உச்ச வேகம் 75. நிலவறைச் சரிவில் முழுச் சுமையோடு மயிரிழையில் தப்பலாம். பாதிச் சுமையில் தாராளம். கிளட்சைக் கழற்றி எறிந்துவிட்டு, வண்டியை இரண்டாவதில் போட்டு, போட்டதை மறந்துவிடுவது என்று தீர்மானம். முதல், மூன்று, நான்கு எல்லாம் இனி பெட்டிக்குள் பேருக்கு இருக்கும் பங்காளிகள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் பிடித்து மின்சாரம் திருப்பும் ஏற்பாட்டை மட்டும் மேஸ்திரி மென்மையாக வைக்கச் சொன்னார். அப்போது கிரவுன் பல்லின் பின்முகம் சுமை வாங்கும், இத்தனை காலம் அதிகம் உழைக்காத முகம் அது.

பின்னால் போக மோட்டாரைத் திருப்பிச் சுற்றினாலே போதும். இது பட்டறைப் பையனுக்குத் தெரியாது. வழக்கம்போல் ரிவர்ஸ் கியரும் போட்டு, ரிவர்ஸ் சுவிட்சையும் தட்டினான். வண்டி மரியாதையாக முன்னால் போய் டீக்கடை பெஞ்சைத் தொட்டது.

மின்வண்டியாக மாற்றுவதற்கென்று ஏ.ஐ.எஸ்.-123 என்ற விதித்தொகுப்பு இருக்கிறது. அங்கீகாரம் பெற்று ஆர்.சி. புத்தகத்தில் எரிபொருளை மாற்றும்வரை பட்டறைச் சந்துக்கு வெளியே போகக் கூடாது. அந்தச் சந்துக்குள் முதல் சவாரிக்குப் பெரியவரை ஏற்றினேன். தோற்ற கட்சி, முகம் சுளித்தபடியே ஏறினார். எஞ்சின் சத்தம் இல்லாததால் இரண்டாவது கியரின் பல் ஊளை மட்டும் மெல்ல எழுந்து, வேகம் கூடக்கூடச் சுருதி ஏறியது. பெரியவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பழைய மீட்டர்கேஜ் வண்டி கெளம்பற சத்தம்டா இது” என்றார்.

சந்து முனையில் நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை.

“சானடோரியம் எறங்கறவங்க எல்லாம் எறங்கியாச்சா? எடு வண்டிய.”