பூட்டாத கதவு: எஸ்கேப் ரூமியலுக்கு ஒரு பாயிரம்

இக்கட்டுரை நிறுவ முற்படும் கருதுகோள் ஒன்றே: எஸ்கேப் ரூமின் கதவு பூட்டியிருப்பதில்லை. இதைக் கண்டறிய ஆய்வாளர் மூன்று ஆண்டுகளில் சென்னையிலும் பெங்களூரிலுமாக 18 அறைகளில் காசு கொடுத்து அடைபட்டிருக்கிறார். எந்தப் பல்கலைக்கழகமும் நல்கை தரவில்லை. தலைக்கு 800 ரூபாய் வீதம் நான்கு தலைக்கு ஆன செலவுக் கணக்கு ஆய்வாளரின் மனைவியிடம் இருக்கிறது. கேட்காமலே காட்டுவார்.

களப்பணியில் உடன் வந்தோர் மூவர். ஆய்வறம் கருதிப் பெயர்கள் தவிர்க்கப்படுகின்றன. தகவலாளி 1, மேற்படி மனைவி. தகவலாளி 2, அவருடைய தம்பி; வங்கி ஒன்றில் கிளை மேலாளர். தகவலாளி 3, இந்தத் தம்பியின் மகள், பதினொன்றாம் வகுப்பு. ஒவ்வோர் அறையிலும் புதிர்களை அவிழ்த்தவர் இவரே. ஆய்வாளர் பெரும்பாலும் நடுவில் நின்றுகொண்டு மீதி நேரத்தை உரக்கப் படித்துச் சொல்லும் பணியை ஏற்றார்.

கலைச்சொல் சிக்கலை முதலில் தீர்த்துவிடலாம். எஸ்கேப் ரூமுக்கு ‘தப்பறை’ என்ற சொல்லை ஆய்வாளர் முன்மொழிந்தார். தகவலாளி 3 உடனே தடை எழுப்பினார்: “மாமா, தப்பான ரூமுக்குள்ள போயிட்ட மாதிரி இருக்கு. இல்லன்னா ஆள் மாறி கன்னத்துல விழுந்த மாதிரி இருக்கு.” தடை ஏற்கப்பட்டது. ‘எஸ்கேப்’ என்பதோ தமிழில் எப்போதோ குடியேறிவிட்ட சொல். ஓட்டலில் பில் வரும் நேரம் பார்த்துக் கை கழுவப் போகிறவன் எஸ்கேப் ஆகிறான். அதுவும் நீளம் என்று சென்னையில் ‘எஸ்’ ஆகிறான். அப்படி எஸ் ஆவதற்கு அறையே தேவையில்லை, சமயம் வாய்த்தால் போதும். நம் ஆய்வுப் பொருளில் நடப்பது நேர்மாறு. பில்லை முன்னாலேயே கட்டிவிட்டு, எஸ் ஆக வழி தெரியாமல் நிற்பது.

தோற்றம் பற்றி அறிஞரிடையே மூன்று கட்சி உண்டு.

கியோட்டோ கட்சியினர் 2007 என்பர். ஜப்பானின் கியோட்டோ நகரில் ‘ஸ்க்ராப்’ என்ற இலவசப் பத்திரிகையை நடத்திவந்த தகாவோ கதோ, கணினித் திரையில் ஆடிவந்த தப்பித்தல் விளையாட்டை நிஜ மனிதர்களை வைத்து நடத்திப் பார்த்தார். அதற்கு மூன்று ஆண்டு முன்பு, 2004இல், தோஷிமிட்சு தகாகியின் ‘கிரிம்சன் ரூம்’ வந்திருந்தது. சிவப்பு அறை ஒன்றின் மூலை முடுக்கெல்லாம் மவுஸால் தட்டித் தட்டி, பல நாட்டு அலுவலகங்களில் பிற்பகல்கள் கரைந்தன. கதோ செய்தது மவுஸைப் பிடுங்கிக்கொண்டு கையையே விட்டுத் துழாவச் சொன்னது.

புடாபெஸ்ட் கட்சியினர் 2011 என்பர். பாழடைந்த கட்டடங்களில் மதுக்கூடம் நடத்துவது அவ்வூர் வழக்கம். அப்படிப்பட்ட ஒன்றின் நிலவறையில் அட்டிலா கியூர்கோவிச் ‘பாராபார்க்’ தொடங்கினார். உளவியலாளர் மிஹாய் சீக்சென்ட்மிஹாயியின் கோட்பாட்டை அடிப்படையாக வைத்தார்: வேலை மிக எளிதானால் அலுப்பு, மிகக் கடினமானால் பதற்றம், இரண்டுக்கும் நடுவே வைத்தால் மனிதன் நேரம் போவது தெரியாமல் மூழ்கிவிடுவான். புடாபெஸ்ட் மண்ணுக்கே இந்த வாசனை உண்டு என்பது இவர்கள் வாதம். 1874இல் அங்கே பிறந்த எரிக் வைஸ் என்ற குழந்தைதான் பின்னாளில் விலங்கு, சங்கிலி, தண்ணீர்த் தொட்டி எதிலிருந்தும் நழுவி வந்த ஹூடினி. அவர் தப்பிப்பதைப் பார்க்க ஊர் பணம் கொடுத்தது. இப்போது தப்பிக்கிற வேலையையும் பணம் கொடுப்பவர் தலையிலேயே கட்டிவிட்டார்கள். வியாபார நோக்கில் இது பெரிய முன்னேற்றம்.

மூன்றாவது வாரணாவதக் கட்சி. இதன் நிறுவனரும் ஒரே உறுப்பினரும் தகவலாளி 2. “எல்லாம் நம்மகிட்ட முன்னாடியே இருந்ததுங்க அத்தான்” என்று தொடங்கும் எதையும் ஆய்வாளர் ஐயத்தோடு அணுகுவது வழக்கம். ஆனால் இம்முறை சான்றுகள் சங்கடப்படுத்தும் அளவுக்குப் பொருந்துகின்றன. பாரதக் கதையின் வாரணாவதத்தில் கட்டிய அரக்கு மாளிகை: தீம் உள்ள கட்டடம். பாண்டவர் ஐவர், குந்தி ஒருத்தி: ஆறு பேர் கொண்ட அணி, இன்றைய அறைகள் பலவும் ஆறு பேருக்கு மேல் ஏற்பதில்லை. உள்ளே இருப்போரைக் கண்காணிக்கப் புரோசனன்: இன்றைய சிசிடிவி. வெளியே விதுரன், தருமனுக்கு மட்டும் புரியும் மறைமொழியில் க்ளூ கொடுக்கிறான்: ஐயமின்றிக் கேம் மாஸ்டர். சுரங்கம் தோண்ட ஆளும் அவனே அனுப்புகிறான்: இரண்டாவது க்ளூ. காலக்கெடு மட்டும் அறுபது நிமிடம் அல்ல, ஏறக்குறைய ஓராண்டு.

அபிமன்யுவையும் இப்பட்டியலில் சேர்க்க வேண்டும் என்று தகவலாளி 2 கோரினார். உள்ளே போகத் தெரியும், வெளியே வரத் தெரியாது என்ற தகுதி அவனுக்கு உண்டுதான். ஆனால் சக்கர வியூகத்தில் நேரம் முடிந்ததும் யாரும் சிரித்துக்கொண்டே வந்து கதவைத் திறந்துவிடவில்லை. கோரிக்கை தள்ளுபடி.

அரக்கு மாளிகைக் கதையில் தகவலாளி 2 வேகமாகத் தாண்டிய இடம் ஒன்று இருக்கிறது. பாண்டவரும் குந்தியுமாக ஆறு பேரும் சுரங்கம் வழியே போய்விட்டார்கள். அன்றிரவு விருந்துண்டு அங்கேயே தூங்கிய வேட்டுவப் பெண் ஒருத்தியும் அவளுடைய ஐந்து மகன்களும் தீயில் கருகினார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு என்றும் தெரியாது, சுரங்கம் இருப்பதும் தெரியாது. இதைப் படிக்கும்போது ஆய்வாளருக்கு நினைவுக்கு வருவது போலந்தின் கோஷாலின் நகரம். 2019 ஜனவரி 4 அன்று, பிறந்தநாள் கொண்டாட எஸ்கேப் ரூமுக்குப் போன பதினைந்து வயதுச் சிறுமிகள் ஐவர், தீ விபத்தில் வெளியேற முடியாமல் இறந்தார்கள். அதன்பின் அந்நாட்டில் அறைகள் சோதனையிடப்பட்டு, ஏராளமானவை மூடப்பட்டன. இந்த இடத்தில் கேலிக்கு வேலையில்லை. நம் கருதுகோளின் வேர் இங்கே இருக்கிறது என்பதால் சொல்ல வேண்டியிருக்கிறது: கதவு பூட்டியிருக்கக் கூடாது.

இனி களத்துக்கு வருவோம். உடற்பயிற்சிக்கூடம் ஒன்றின் மேல்மாடி. செருப்பை வெளியே விட்டு, செல்போனை லாக்கரில் வைத்ததும் பொறியியல் படித்த இளைஞர் ஒருவர் விதிகளை ஒப்பிக்கிறார். பிளக் பாயின்ட்டில் கை வைக்கக் கூடாது. ஏசியைப் பிரிக்கக் கூடாது. (யாரோ பிரித்திருக்கிறார்கள்.) ‘நாட் எ க்ளூ’ என்று ஸ்டிக்கர் ஒட்டியவற்றை விட்டுவிட வேண்டும். கடைசியாக, குரலை மாற்றாமல் அவர் சொல்வதுதான் இவ்வாய்வின் மூலபாடம்: “சார், நீங்க வந்த கதவு லாக் ஆகாது. எப்ப வேணாலும் இந்தப் பச்சை பட்டனை அழுத்தி வெளிய வந்துரலாம்.”

உரை: ஆகவே எஸ்கேப் ரூமிலிருந்து தப்பிக்கச் சராசரியாக இரண்டு விநாடி போதும். பேராசிரியர் ஸ்காட் நிக்கல்சன் 2015இல் 175 நிறுவனங்களிடம் விவரம் கேட்டுத் தொகுத்ததில், உள்ளே போன அணிகளில் சுமார் 41 சதவீதமே நேரத்துக்குள் வெளியே வந்ததாகத் தெரிகிறது. மீதிப் பேர் பச்சை பட்டன் பக்கத்திலேயே தோற்றவர்கள். நம் அணி 18இல் 7, அதாவது 38.9 சதவீதம். தகவலாளி 2 வராத இரண்டு அறைகளும் இதில் அடக்கம், இரண்டும் வெற்றி.

அவர் பங்கைத் தனியே ஆராய வேண்டும். ‘வங்கிக் கொள்ளை’ என்ற அறைக்கு அவரை அழைத்துப் போனது முறையியல் பிழை. உள்ளே நுழைந்ததும் ஸ்ட்ராங் ரூமைப் பார்த்துவிட்டு, “ஒரே சாவியா? ஜாயின்ட் கஸ்டடி இல்லையா?” என்றார். நிஜத்தில் இரண்டு அதிகாரிகள் ஆளுக்கொரு சாவியோடு வந்தால்தான் திறக்குமாம். பிறகு மேசைமேல் அலங்காரத்துக்குக் கிடந்த லெட்ஜரை எடுத்துக் கூட்டத் தொடங்கினார். 340 ரூபாய் உதைத்தது. அதுதான் க்ளூ என்று அடித்துச் சொன்னார். மூன்று இலக்கப் பூட்டில் 340 போட்டோம், 034 போட்டோம், 430 போட்டோம். பதினோரு நிமிடம். கடைசியில் ஸ்பீக்கரில் கேம் மாஸ்டர் தயங்கித் தயங்கிப் பேசினார்: “சார், அந்த நோட்டு சும்மா சார். பழைய பேப்பர் கடைல வாங்கினது.” தகவலாளி 2 இன்றுவரை அந்த நோட்டுக்கு உரியவர் யார் என்று கவலைப்படுகிறார்.

தகவலாளி 1இன் திறன் வேறு வகை. பீரோ சாவியை அரிசி டின்னில் வைத்துவிட்டு, அங்கே வைத்ததையும் மறந்து, மறுபடி கண்டுபிடிக்கும் பயிற்சி முப்பதாண்டு. எந்த அறையிலும் முதல் ஐந்து நிமிடத்தில் மெத்தைக்கடி, படத்துக்குப் பின்புறம், பூச்சாடி என எல்லாம் அவர் கையில் வந்துவிடும். குறை ஒன்றுதான்: எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்காமல் வரிசையாக, துடைத்து, அளவுவாரியாக அடுக்கிவிடுவார். ஒரு தடவை அலமாரியில் தாறுமாறாக இருந்த பாட்டில்களின் ஒழுங்கின்மையே விடையாக இருந்தது.

அடுத்து பூட்டின் கணிதம். நான்கு இலக்க நம்பர் லாக்கில் 10,000 சாத்தியங்கள். ஒன்றுக்கு இரண்டு விநாடி என்றால் ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். ஆனால் ஊதா டார்ச்சை அடித்ததும் சுவரில் நான்கு வெவ்வேறு எண்கள் ஒளிர்ந்துவிட்டால், வரிசை தெரியாவிட்டாலும் பாதகமில்லை. 24 வகைதான், 48 விநாடி. ஆய்வாளர் இதைக் கணக்கிட்டுப் பெருமையுடன் பூட்டில் கை வைத்தபோது தகவலாளி 3 கையைத் தட்டிவிட்டார். “மாமா, ப்ளீஸ். அது சீட்டிங்.” பூட்டு திறந்தால் போதாதா என்றால், போதாதாம். ஏன் அந்த வரிசை என்று தெரிந்து திறக்க வேண்டுமாம். நேரமோ பன்னிரண்டு நிமிடம்தான் மீதி. அறிவியல் தோற்றது, அறமும் தோற்றது, 800 பெருக்கல் நான்கும் போனது. திரும்பி வரும் ஆட்டோவில் அவர் முகத்தில் வருத்தத்தின் சாயலே இல்லை. வரிசையை ஆட்டோவில் கண்டுபிடித்துவிட்டார்: சுவர்க்கடிகாரங்கள் நான்கின் மணி.

இனி இவ்வாய்வின் முதன்மைச் சான்று. சென்ற மே மாதம், பதினெட்டாவது அறை. ‘ஜமீன் பங்களா’ தீம். புதிய அறைகளில் பூட்டும் சாவியும் குறைந்து, எல்லாம் காந்தப் பூட்டு. கதவின்மேல் சட்டத்தில் மின்காந்தம், கதவில் இரும்புத் தகடு; சரியான பொம்மையைச் சரியான இடத்தில் வைத்தால் மின்சாரம் நின்று காந்தம் விடும். ஆபத்தில் யாரும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக, கரண்ட் போனாலும் விட்டுவிடும். மே மாதம், பிற்பகல், சென்னை. வாசகர் ஊகித்திருப்பார்.

23 நிமிடம் மீதி இருந்தபோது போயிற்று. இருட்டில் டக், டக், டக் என்று நான்கைந்து சத்தம். அறையிலிருந்த எல்லாக் கதவும் ஒன்றாகத் திறந்துகொண்டன. புத்தக அலமாரி சுவரைவிட்டு ஒரு சாண் நகர்ந்து பின்னால் ஏதோ வழி தெரிந்தது. வந்த கதவும் விரியத் திறந்து, லிஃப்ட் பக்கத்து ஜன்னல் வெளிச்சம் தரையில் விழுந்தது. சட்டப்படியும் பௌதிகப்படியும் நாங்கள் தப்பித்துவிட்டோம்.

“யாரும் பாக்காதீங்க!” என்று தகவலாளி 3 கத்தினார். “கண்ண மூடுங்க எல்லாரும்!”

மூடினோம். தகவலாளி 2 இரண்டு கையாலும் மூடிக்கொண்டு, இது செல்லாது, இதை எழுதி வாங்க வேண்டும் என்றார். பக்கத்தில் ஏதோ நகரும் சத்தம் கேட்டு ஆய்வாளர் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். தகவலாளி 1 தடவித் தடவிப் போய் அந்தப் புத்தக அலமாரியைத் தள்ளிச் சுவரோடு சேர்த்திருந்தார். காந்தம் இல்லாததால் அது நிற்கவில்லை, மறுபடி திறந்தது. திரும்பி அதன்மேல் முதுகைச் சாய்த்து, இரண்டு காலையும் ஊன்றி நின்றுகொண்டார்.

வாசலில் செல்போன் வெளிச்சத்தோடு அந்த இளைஞர் வந்து நின்றார். ஜெனரேட்டர் போட ஆள் போயிருக்கிறது, அதுவரை ஹாலில் உட்காருங்கள், ஃபேன் இல்லை, புழுக்கமாக இருக்கும் என்றார்.

“நாங்க வரல தம்பி,” என்றார் என் மனைவி, அலமாரியை விடாமல். “நீ அந்தக் கதவைச் சாத்திட்டுப் போ.”