பஞ்சமம் வரட்டும்

வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும் நேரத்தில் என் ஆடிட்டர் வருஷா வருஷம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார். “சார், இந்த போட்டோ சமாசாரத்தை என்னன்னு போடட்டும்? தொழிலா, பொழுதுபோக்கா?”

போன வருஷம் கச்சேரிப் படங்களால் எனக்கு வந்தது 23,400 ரூபாய். அதே வருஷம் வாங்கிய லென்ஸின் விலைக்கு இரண்டு ஸ்கூட்டர் வாங்கியிருக்கலாம். தொழில் என்று போட்டால் நஷ்டம். பொழுதுபோக்கு என்று போட்டால் வீட்டில் விளக்கம் சொல்ல வேண்டும். “அரைத் தொழில்னு போடுங்களேன்” என்றேன். அந்தப் படிவத்தில் அப்படி ஒரு கட்டம் கிடையாதாம்.

பகலில் எனக்கு இன்ஷூரன்ஸ் ஆபீஸ். மார்கழி பிறந்ததும் மிச்சமிருக்கும் அரை நாள் லீவெல்லாம் மயிலாப்பூர், தியாகராய நகர் சபாக்களுக்குப் போய்ச் சேரும். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாட்டோடு ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக மறு வருஷம் மியூசிக் அகாடமி பிறந்தது. டிசம்பர் சீசனுக்கு வேர் அங்கேதான். அந்த மாநாட்டை யாராவது மே மாதத்தில் கூட்டியிருந்தால், நான் படம் எடுக்கும் ரசிகர்களில் பாதிப் பேர் மஃப்ளருக்குள்ளும் குரங்குக் குல்லாவுக்குள்ளும் ஒளிந்திருக்க மாட்டார்கள்.

மேல்நாட்டு ராக் கச்சேரிகளில் போட்டோகிராபர்களுக்கு ஒரு விதி உண்டு. முதல் மூன்று பாட்டு, ஃப்ளாஷ் கூடாது, அதற்கப்புறம் வெளியே நட. அதைக் கேள்விப்பட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் கச்சேரியில் மூன்றாவது பாட்டு வரைக்கும் வித்வான் மைக்காரரோடு பேசிக்கொண்டிருப்பார். “வயலின் கொஞ்சம் ஏத்துங்கோ, எனக்கு மானிட்டர்ல தம்புரா கேக்கலை.” முகத்தில் ஏதாவது நடக்க ஆரம்பிப்பதே பிரதான ராகத்தில்தான். அதற்குள் என் வலது கால் மரத்துப்போயிருக்கும். லென்ஸ் ஒன்றரைக் கிலோ. அதைத் தூக்கிப் பிடித்தபடி இரண்டரை மணி நேரம் தரையில் சம்மணமிட்டு உட்கார வேண்டும். அப்படி உட்காருவதற்கு மேடையில் இருப்பவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். எனக்கு, “கொஞ்சம் தலையைக் குனிஞ்சுக்கறேளா?”

அந்தக் குரல் முதல் வரிசை மாமியுடையது. எந்தச் சபாவுக்குப் போனாலும் முதல் வரிசையில் ஒரு மாமி இருப்பார். எல்லாச் சபாவிலும் ஒரே மாமிதானோ என்ற சந்தேகம் எனக்கு இன்னும் தீரவில்லை. என் பழைய கேமராவுக்குள் ஒரு கண்ணாடி இருந்தது. ஒவ்வொரு படத்துக்கும் எழும்பி இறங்கும். ‘சளக்’ என்று சத்தம். கடைவீதியில் அது யார் காதிலும் விழாது. ஆலாபனையில் வித்வான் மேல் ஸட்ஜத்தைத் தொட்டுவிட்டு, கண்ணை மூடி, குரலை நூலாக இழைத்து நிறுத்துகிற அந்த விநாடியில்தான் முகம் அழகாக இருக்கும். அந்த விநாடியில்தான் சளக். மாமி திரும்புவார். ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தப் பார்வையை மட்டும் படமெடுத்திருந்தால் எனக்கு உலகப் பரிசு கிடைத்திருக்கும். ஆனால் அதற்கும் ஒரு சளக் வேண்டுமே.

சரி என்று கண்ணாடி இல்லாத புதுக் கேமரா வாங்கினேன். மௌன ஷட்டர்; மூச்சுவிடும் சத்தம்கூடக் கிடையாது. மாமி திரும்பவே இல்லை. நானே ராஜா என்று நானூறு படம் எடுத்துத் தள்ளினேன். வீட்டுக்கு வந்து கணினியில் திறந்தால், வித்வான் முகத்தில் குறுக்கே மூன்று பட்டை. இன்னொரு படத்தில் நான்கு. காரணம் பிறகுதான் புரிந்தது. நம் மின்சாரம் விநாடிக்கு ஐம்பது சுற்று, மலிவான எல்.இ.டி. விளக்கு அதற்கேற்ப விநாடிக்கு நூறு தடவை மினுக்கும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மௌன ஷட்டர் படத்தை ஒரே மூச்சில் வாங்காது, மேலிருந்து கீழாக வரிவரியாகத்தான் படிக்கும். விளக்கு மங்கிய நேரத்தில் படித்த வரிகளெல்லாம் கறுப்புப் பட்டைகளாக விழுந்துவிடும்.

வேறு யார் முகத்திலாவது விழுந்திருந்தால் பரவாயில்லை. அன்றைக்குப் பாடியவர் பன்னிரண்டு திருமண் காப்பும் இட்டுக்கொள்கிற பரம வைஷ்ணவர். அவர் நெற்றியில் குறுக்காக மூன்று பட்டை போட்டு அனுப்புகிற துணிச்சல் எனக்கு வரவில்லை. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து பட்டை பட்டையாக அழித்து, அவரை மறுபடி வைஷ்ணவராக்கினேன். ராமானுஜருக்குப் பிறகு இந்தப் பணியை இத்தனை சிரத்தையோடு செய்தவன் நானாகத்தான் இருப்பேன். இப்போதெல்லாம் போனவுடன் முதல் வேலையாக மேடை விளக்கைத்தான் சோதிப்பேன். ஷட்டரை நூறில் ஒரு பங்கு விநாடிக்குக் கொண்டுவந்தால் பட்டை அடங்கிவிடும். அடங்கிவிட்டால், விரல்கள் கலங்கிவிடும். ஏதாவது ஒன்று.

இத்தனையும் சமாளித்துப் படத்தை அனுப்பினால் பாடகரிடமிருந்து பதில் வரும்: “படமெல்லாம் ரொம்ப அருமை. வாய் மூடியிருக்கற மாதிரி ஒண்ணு அனுப்ப முடியுமா?”

பாடகர்! வாயை மூடி!

கச்சேரியில் அவர்கள் வாய் மூடியிருக்கும் தருணங்களை நான் குறித்துவைத்திருக்கிறேன். பிளாஸ்க்கிலிருந்து வெந்நீர் குடிக்கும்போது. வயலின்காரர் வாசிக்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கையில். சபா செயலாளர் பேசும்போது. ஆனால் அப்போது முகத்தில் இருப்பது வேறு பாவம். பாட்டு நடக்கும்போதே வாய் மூடவேண்டும் என்றால் ஒரே வழிதான் உண்டு. அதைக் கண்டுபிடிக்க எனக்கு ஆறு சீசன் ஆயிற்று.

ஸ்வரம். கல்பனா ஸ்வரம் பாடும்போது உதடுகளைக் கவனியுங்கள். ‘ரி’, ‘நி’ இரண்டும் பாடகரைச் சிரிக்க வைக்கும். அவர் கோபமாக இருந்தாலும் சரி. ‘ஸா’வில் பல் டாக்டருக்கு அனுப்பும்படியான படம் வரும். ‘க’, ‘த’ இரண்டும் நடுத்தரம். ‘ம’வும் ‘ப’வும்தான் உதட்டை ஒட்ட வைப்பவை. ஆகவே நான் மத்தியமத்துக்கும் பஞ்சமத்துக்கும் காத்திருப்பவன். பக்கத்தில் உட்காருகிறவர்கள் நான் லயித்துப்போயிருப்பதாக நினைக்கிறார்கள். எனக்கு ராக ஞானம் வந்ததே இப்படித்தான். என் காதால் வரவில்லை, பாடகர்கள் வாயால் வந்தது. சங்கராபரணம் என்றால் ஏழு ஸ்வரமும் உண்டு, இலை போட்ட விருந்து. மோகனத்தில் மத்தியமமும் நிஷாதமும் கிடையாது. பஞ்சமத்தைப் பிடித்தால் உண்டு, விட்டால் போயிற்று. இந்தோளம் அறிவித்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ரிஷபமும் இல்லை, பஞ்சமமும் இல்லை. மத்தியமம் ஒன்றைத்தான் நம்பியிருக்க வேண்டும். ஒருநாள் பின்வரிசைப் பெரியவர் ஒருவர், “என்ன ராகம்னு தெரியறதா?” என்று என்னைச் சோதித்தார். “உதடு ஒட்டவே இல்லை மாமா, அதனால் மவும் பவும் இல்லாத ஏதோ ஒண்ணு” என்றேன். அன்றிலிருந்து அவர் இடத்தை மாற்றிக்கொண்டார்.

உதடு ஒட்டிய அந்தக் கணத்திலும் நடுவில் மைக் நிற்கும். என்னிடம் உலகத்தரத்தில் துல்லியமாக ஃபோகஸ் ஆன மைக் படங்கள் ஏராளமாக இருக்கின்றன. பின்னால் மங்கலாகத் தெரிவது யார் என்று கேட்காதீர்கள், எல்லாரும் விருது வாங்கியவர்கள்.

மைக்குக்குப் பின்னால் வித்வான் என்றால், வித்வானுக்குப் பின்னால் பேனர். பட்டுப்புடவை, நகை, அப்பளம். ஒரு சபாவில் பாடகியின் தலைக்கு நேர் பின்னால் வட்டமான அப்பளம் ஒன்று, தெய்வப் படங்களில் வரும் ஒளிவட்டம் போலவே அமைந்துவிட்டது. அபூர்வமான முகபாவம், அப்பளத்தால் கெடக்கூடாது என்று கணினியில் அதை அழித்துப் பின்னணியைக் கறுப்பாக்கி அனுப்பினேன். கலைப்படம் என்ற எண்ணம் எனக்கு. ஜெர்மன் புகைப்படக் கலைஞர் ஆந்திரேயாஸ் குர்ஸ்கி 1999இல் ரைன் நதியைப் படமெடுத்து, கரையில் இருந்த கட்டடத்தைக் கணினியில் அழித்துவிட்டு வெறும் புல்லையும் தண்ணீரையும் மேகத்தையும் வைத்தார். 2011இல் நியூயார்க் ஏலத்தில் அது 43 லட்சம் டாலருக்குப் போயிற்று. நான் அப்பளத்தை அழித்தேன். செயலாளர் போன் செய்தார். “ஸ்பான்சர் எங்கே சார்?” பேசியிருந்த 1,500 ரூபாயும் அப்பளத்தோடு போயிற்று.

சம்பளத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, அதிகம் இல்லாததால். “சீசன் முடியட்டும்” என்பார்கள். சீசன் முடிந்தால் “ஆடிட் முடியட்டும்”. விழா மலரில் என் படம் முழுப் பக்கத்துக்கு வந்திருக்கும். கீழே பொடி எழுத்தில் ‘நன்றி: இணையம்’. இணையத்துக்காவது சன்மானம் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இதையெல்லாம் ஆற்றிக்கொள்ளத்தான் கலைப் புகைப்படம் என்ற இன்னொரு பைத்தியம். அமெரிக்க மலைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புகழ்பெற்ற ஆன்செல் ஆடம்ஸ், கச்சேரிப் பியானோக்காரராக வேண்டும் என்று இளமையில் சாதகம் செய்தவர். நெகட்டிவ் என்பது ஸ்வரக் குறிப்பு, அச்சுதான் கச்சேரி என்பது அவர் கொள்கை. இதைப் படித்ததிலிருந்து நான் ஒரே படத்தை ஏழு தடவை ஏழு விதமாக அச்சடிக்கிறேன். லேப்காரர் இதை மனோதர்மம் என்று ஒத்துக்கொள்வதில்லை. ஏழுக்கும் பில் போடுகிறார்.

இரண்டு வருஷத்துக்கு முன் மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு சின்னக் கண்காட்சி வைத்தோம். என் பங்கு பதினான்கு படங்கள். கடம் வாசிப்பவரின் விரல்கள் புகைபோலக் கலங்கியிருக்கும் படத்தின் முன் என் மாமனார் ரொம்ப நேரம் நின்றுவிட்டு, “கை ஆடிருச்சு போல, மாப்பிள்ளை” என்று என் தோளைத் தட்டினார். ஆறுதலாகத்தான். இன்னொருவர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வெளியே போகும்போது, “சாமி படம் ஏதாவது இருக்குமா?” என்றார்.

விற்றது ஒன்றே ஒன்று. அதற்குப் பெயர் ‘தனி’.

அந்தப் படம் எடுத்த கதையைச் சொல்ல வேண்டும். தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் சபாவில் நடப்பது உங்களுக்குத் தெரியும். மிருதங்கத்தில் முதல் அடி விழுந்ததும் பாதிச் சபை எழுந்து கேன்டீனுக்கு நடக்கும். அன்றைக்கு வாசித்தவர் எழுபதைத் தாண்டியவர். விரல் மட்டும் இருபது வயது. நான் மேடையை நோக்கி ஷட்டரை வேகமாக வைத்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் நாற்காலிகள் கிரீச்சிடும் சத்தம். திரும்பினேன். வரிசை வரிசையாகச் சிவப்பு நாற்காலிகள். ஒன்றில் இடம் பிடிக்கப் போட்ட கைக்குட்டை, ஒன்றில் மூக்குக் கண்ணாடிக் கூடு, ஒன்றில் மஞ்சள் பை, இன்னொன்றில் தொடையில் தாளம் போட்டபடி ஒரே ஒரு சிறுவன். மேடையின் வெளிச்சம் எல்லாவற்றின் மேலும் மெலிசாக விழுந்திருந்தது. எடுத்தேன். திருப்பித் திருப்பி எடுத்தேன். கோர்வை முடிந்து கைதட்டல் கேட்டபோதுதான் மேடை ஞாபகம் வந்தது.

அதை வாங்கியவர் அந்தச் சபாவின் கேன்டீன் கான்டிராக்டர். கண்காட்சிக்கு டீ, சமோசா சப்ளை அவருடையது. டிரேயைக் கீழே வைத்தவர் படத்தின் முன் அப்படியே நின்றுவிட்டார். ஒருவர் நம் கலையைப் புரிந்துகொள்ளும்போது கண் கலங்கும் என்பார்களே, எனக்குக் கலங்கிவிட்டது.

“இது தனி நேரம்தானே சார்?”

“ஆமாம்.”

“அத்தனை பேரும் எங்கிட்டதான் இருந்தாங்க” என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. “இதைவிட நல்ல விளம்பரம் ஏது?”

எட்டாயிரம் ரூபாய். ஐயாயிரம் ரொக்கம், மிச்சத்துக்கு டோக்கன். இப்போது படம் கேன்டீன் கல்லாவுக்கு மேலே, பிள்ளையாருக்கும் அவருடைய காலஞ்சென்ற அப்பாவுக்கும் நடுவில், சீரியல் பல்பு சுற்றித் தொங்குகிறது. ஒருவர் கீரைவடை வரிசையில் நின்றபடி, “அந்த மஞ்சப் பை என்னுது” என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன். டோக்கன்கள் போன சீசனோடு தீர்ந்தன. என் எடை மூன்று கிலோ கூடியது. இதை வருமானத்தில் காட்ட வேண்டுமா என்று ஆடிட்டரைக் கேட்டிருக்கிறேன்.

போன மார்கழியில் ஒரு சாயங்காலம் அந்த மிருதங்க வித்வானே தன் கச்சேரி முடிந்து காபிக்கு வந்தார். டபராவில் ஆற்றிக்கொண்டே மேலே பார்த்தார். காபி ஆறியது, அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கான்டிராக்டர் சும்மா இருந்திருக்கலாம். “இதோ, இந்த சார்தான் எடுத்தது” என்று என்னைக் கைகாட்டிவிட்டார்.

எழுந்து நின்று வணக்கம் சொன்னேன்.

“அந்த ஓரத்துல தெரியற பையன் என் பேரன்” என்றார். “அப்போ இது என் தனியா?”

“ஆமாம் அண்ணா. மிஸ்ர சாபு. பிரமாதமா இருந்தது அண்ணா அன்னிக்கு.”

அவர் இன்னொரு தடவை படத்தைப் பார்த்தார். மேடை இருக்கும் இடத்தையும் நான் நின்றிருக்க வேண்டிய இடத்தையும் மனசுக்குள் கணக்குப் போட்டதுபோல விரலை இரண்டு தடவை மடக்கி நீட்டினார். ஒரு வாய் காபி குடித்தார்.

“அப்போ நீங்களும் எனக்கு முதுகைக் காட்டிண்டுதான் நின்னேள்?”