சீனி குறைத்த ஆங்கிலம்

பிரிக்பீல்ட்ஸ், கோலாலம்பூர்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்த ஊரில் ஆங்கிலம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டு எழுதியிருந்தீர்கள். ஆங்கில வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர் கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லித் தப்ப முடியுமா? ஒரு பொருளின் வீரியத்தைக் குறைக்கவும் கூர்மையை மழுக்கவும் அந்த மொழியில் உள்ள வினைச்சொற்களை டைல்யூட், பிளண்ட், மிட்டிகேட், டோன் டவுன் என்று வரிசையாகப் பிள்ளைகளை உருப்போட வைத்தீர்கள் அல்லவா? அவை அத்தனையும் ஒரே இடத்தில் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதைக் காண வேண்டுமானால் கோலாலம்பூரைச் சுற்றியுள்ள இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்குக்குத்தான் வர வேண்டும். இங்கே நீர்க்க வைக்கும் வேலையை யோக்கியமாகச் செய்வது டீக்கடை, அயோக்கியத்தனமாகச் செய்வது ஆபீஸ். இதுதான் என் கட்சி. நீங்கள் சும்மா ஒப்புக்கொள்ள மாட்டீர்கள், தெரியும்.

டீக்கடைக்கு இங்கே மாமாக் கடை என்று பெயர், தமிழ் முஸ்லிம்கள் வழிவந்த கடைகள். அங்கே ஆற்றித் தரும் பால் டீயான தே தாரிக்கின் இனிப்பு பெரும்பாலும் டின் பாலிலிருந்து வருவது. நம் ஊர் நாக்குக்கே அது கொஞ்சம் அதிகப்படி. அதனால் குறைத்துக் கேட்க ஒரு தனிப் பாஷை வளர்ந்திருக்கிறது. 'குராங் மானிஸ்' என்றால் இனிப்பு குறைவு. 'தே ஓ' என்றால் பால் கிடையாது, சீனி உண்டு. 'தே ஓ கோசோங்' என்றால் இரண்டும் கிடையாது. அதைக் கேட்பவரை டாக்டர் நேற்றுதான் மிரட்டியிருக்கிறார் என்று பக்கத்து மேசைக்குக்கூடத் தெரிந்துவிடும். மிரட்டலும் நியாயந்தான். 2023ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். அரசாங்கமும் 2019 ஜூலையில் சீனி வரி போட்டது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்கு மேல் சீனி உள்ள பாட்டில் பானங்களுக்கு லிட்டருக்கு 40 சென். 2025 ஜனவரி முதல் அது 90 சென். ஆற்றித் தரும் டீ அந்த வரிக்குள் வரவில்லை, அங்கே வரி போடுவது மனைவிமார்கள். இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. எது குறைகிறது என்று சொல்லிக் குறைக்கிறார்கள். குறைக்கச் சொன்னவர்தான் அதைக் குடிக்கிறார்.

இனி ஆபீஸ் பக்கம் வாருங்கள். அங்கே நீர்க்க வைப்பது சொல்லை. இந்தக் கலைக்கு இங்கே பழைய பாரம்பரியம் உண்டு. 1930களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது தோட்டத்துத் தமிழர்களை ஆயிரக்கணக்கில் வேலையை விட்டு நிறுத்திக் கப்பலேற்றினார்கள். அதற்கு வைத்த பெயர் 'ரீபேட்ரியேஷன்', தாயகம் அனுப்புதல். போர்ட் சுவெட்டன்ஹாமில், இன்றைய கிள்ளான் துறைமுகத்தில், கையில் மூட்டையோடு நின்றவனுக்கு அது தாயகம் போவதாகவா தோன்றியிருக்கும்? 1948இல் தொடங்கி 1960 வரை இங்கே கம்யூனிஸ்டுகளோடு நடந்தது பீரங்கியும் விமானமும் வைத்து நடத்திய போர். அதிகாரபூர்வப் பெயர் 'எமர்ஜென்சி'. போர் என்று எழுதிவிட்டால் தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் லண்டன் இன்சூரன்ஸ் கம்பெனிகள் நஷ்டஈடு தராது என்பதால்தான் அந்தப் பெயர் என்று சரித்திரக்காரர்கள் பலர் எழுதுகிறார்கள். அதே காலத்தில் பிரிட்டிஷார் போட்ட பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறக்குறைய ஐந்து லட்சம் பேரை, பெரும்பாலும் சீனர்களை, காட்டோரத்திலிருந்து பெயர்த்து முள்கம்பி வேலிக்குள் குடிவைத்தார்கள். அதற்குப் பெயர் 'நியூ வில்லேஜ்'. கோலாலம்பூரின் ஜிஞ்சாங் அப்படிப் பிறந்த ஊர்தான். காவல் கோபுரமும் ஊரடங்கும் உள்ள இடத்துக்குப் புதுக்கிராமம் என்று பெயரிட்டவர் யாரோ, நல்ல வேளையாக அவர் கல்யாணத் தரகராகப் போகவில்லை.

வெள்ளைக்காரன் போனான், அகராதி போகவில்லை. ஆட்குறைப்புக்கு இன்றைய கம்பெனிகள் வைத்திருக்கும் பெயர் 'மியூச்சுவல் செப்பரேஷன் ஸ்கீம்', அதாவது இரு தரப்பும் மனமொத்துப் பிரிவது. இதில் ஒரு தரப்பு ஏற்கெனவே மனமொத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும். மற்றத் தரப்புக்குத்தான் சேதி புதிது. 2024 ஜூனில் தீபகற்ப மலேசியாவில் மானியத்தை வெட்டியதால் டீசல் ஒரே இரவில் லிட்டர் 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்கு ஏறியது. அதற்கு 'ரேஷனலைசேஷன்' என்று பெயர். மானியத்தைத் தேவைப்பட்டவர்களுக்கு மட்டும் கொடுப்பது சரியான கொள்கைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. விலை ஏறுகிறது என்று இரண்டு சொல்லில் சொல்லாமல், இதுவரை பகுத்தறிவில்லாமல் டீசல் ஊற்றினோம் என்பதுபோல் சொன்னதுதான் உறுத்துகிறது.

"தமிழன் மட்டும் யோக்கியமா? செத்துப்போனார் என்று எவன் சொல்கிறான், காலமானார் என்றுதானே அச்சடிக்கிறான்" என்பீர்கள். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல்லை மென்மையாக்குவது துக்கத்தில் இருப்பவருக்காக. சொல்பவருக்கு அதில் ஒரு காசு மிச்சமில்லை. டீக்கடையிலும் ஒருவர் குராங் மானிஸ் கேட்டுவிட்டு அந்த டீயை இன்னொருவர் தலையில் கட்டுவதில்லையே. ஆபீஸ் சொற்களில் நீர் ஊற்றுபவர் ஒருவர், குடிப்பவர் வேறொருவர். இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரும் ஒரே மேசையில் உட்காரும் ஊரில் எல்லாவற்றையும் உடைத்துப் பேசினால் மேசைதான் உடையும். 1969 மே 13 கலவரத்தையே இங்கே பலர் 'சம்பவம்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த அடக்கத்துக்கு நான் மரியாதை கொடுக்கிறேன். அன்றாடப் பேச்சில் அந்த வேலையை இங்கே 'லா' என்ற ஒற்றை எழுத்தே செய்துவிடுகிறது. 'முடியாது' என்றால் முகத்தில் அடித்த மாதிரி, 'முடியாதுலா' என்றால் முதுகைத் தட்டின மாதிரி. ஆனால் பாருங்கள், முடியாது என்ற சேதி அதில் முழுசாக நிற்கிறது. 'மியூச்சுவல்' என்ற சொல்லில் சேதியே கரைந்துபோகிறது. அக்கம்பக்கத்து மரியாதையைச் சாட்சிக்கு அழைத்துவந்து கம்பெனிக் கடிதத்தைக் காப்பாற்ற முடியாது.

மென்மையாகச் சொல்லாவிட்டால் ஆள் உடைந்துபோவான், அதனால்தான் என்று கம்பெனிக்காரர்கள் சொல்வதையும் பார்த்துவிடலாம். இந்த நாட்டுச் சட்டம் அப்படி நினைக்கவில்லை. வேலை நீக்கப் பலன்களுக்கான 1980ஆம் ஆண்டு விதிகள் நீக்கம் என்றே பேசுகின்றன. குறைந்தது ஓராண்டு வேலை செய்து, இரண்டாண்டு முடியாதவனுக்கு ஆண்டுக்கு 10 நாள் சம்பளம். இரண்டிலிருந்து ஐந்துக்குள் 15 நாள். ஐந்தும் அதற்கு மேலும் 20 நாள். படித்தவுடன் யாரும் மயங்கி விழுந்ததாகத் தெரியவில்லை, விரல்விட்டு எண்ணத்தான் தொடங்குகிறார்கள். மனமொத்த பிரிவில் சில கம்பெனிகள் இதைவிடக் கூடவே கொடுப்பதும் உண்டு. அதைத் தெரிந்துகொள்ளத் தொகை எழுதிய பக்கம் வரை போக வேண்டும். அதற்கு முந்தைய பக்கங்களில் பயணம், நன்றி, புதிய வாய்ப்பு என்று கம்பெனி கண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். நம் தெருப் பையன்கள் யாராவது இங்கே வேலைக்குக் கிளம்பினால், கம்பெனிக் கடிதம் எது வந்தாலும் கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கச் சொல்லுங்கள். சித்திக்கு என் நமஸ்காரம்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்