வீட்டுப் பள்ளிக்கு ஊர் வைக்கும் தேர்வு

பசுமலையில், பிள்ளையை வீட்டிலேயே படிக்கவைக்கப் போவதாக வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும், ஊரே தேர்வு நடத்தத் தொடங்கிவிடும்.

"சட்டம் விடுமா?" 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயதுவரை பள்ளியைப் பற்றியே பேசுகிறது; வீட்டுக்கல்வி பற்றி மூச்சு விடவில்லை.

"சர்டிபிகேட்?" தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் 1989 முதல் இருக்கிறது. 14 வயது நிறைந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். தேர்வெழுத ஐந்து வருடத்தில் ஒன்பது வாய்ப்பு.

"நாலு பேரோட பழகுவானாண்ணே?" மூலக்கரை டீக்கடையில் கேட்டவரின் மகன் காலையில் வேன், மாலையில் டியூஷன், ராத்திரி ஹோம்வொர்க் என்று இருக்கிறான். அப்பாவோடு பழகவே ஞாயிற்றுக்கிழமை வரவேண்டும்.

"பெத்தவங்களால பாடம் நடத்த முடியுமா?" கேட்ட அக்காவின் விரலெல்லாம் ஃபெவிகால். இரவு பத்து மணிக்குத் தெர்மாக்கோலில் திருமலை நாயக்கர் மகாலுக்குத் தூண் நிறுத்திக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்பு புராஜெக்ட்; மாணவி தூங்கி ஒரு மணி நேரமாகிறது.

ஆக, வீட்டுக்கல்வி எல்லா வீட்டிலும் ஜாம் ஜாமென்று நடக்கிறது. ஃபீஸ் மட்டும்தான் வெளியே கட்டுகிறார்கள்.