சிசி சார்

ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்த ஷூ கம்பெனி ஆபீசில் நுழைந்தாலும் அவரைப் பார்க்கலாம். மெர்ச்சண்டைசிங் மேனேஜர், கமர்ஷியல் மேனேஜர், எக்ஸ்போர்ட் ஹெட் என்று கதவில் ஏதாவது போட்டிருக்கும். ஆபீஸ் வைத்த பெயர் சிசி சார். ஸ்டோர்ஸில் நூல்கண்டு ஒன்று குறைந்தால்கூட எம்.டி.க்கு சிசி போடாமல் அதைக் கேட்க அவருக்கு வராது.

தோல் வேலையோ முக்கால்வாசி வாயாலேயே நடப்பது. ட்ரம்மில் சாயம் உள்ளே இறங்கியதா, கிரஸ்ட் கனம் சரியா, கிரெயின் லூஸா என்பதையெல்லாம் அனுபவசாலியான ஒரு பாய் கட்டைவிரலால் தோலை மடித்துப் பார்த்துச் சொல்லிவிடுவார். அந்தச் சொல்லை நம்பித்தான் கட்டிங்குக்குத் தோல் போகும். சிசி சாருக்கு இது ஆகவே ஆகாது. வாயால் சொன்னதை யார் சொன்னது என்று ஆறு மாதம் கழித்து எப்படி நிரூபிப்பது?

ஒருநாள் பினிஷிங் பாய் இரண்டு துண்டுத் தோலோடு நேராக அவர் மேசைக்கு வந்துவிட்டார்.

"சார், இது பையர் ஓகே பண்ண ஸ்வாட்ச். இது நேத்து போட்ட லாட்டு. ஒரு ஷேடு வெளுப்பா கீது. ஜன்னலாண்ட வந்து பாருங்க."

சார் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மெயில் போடுங்க பாய்."

"இன்னா சார், கையில வச்சிக்கினு நிக்கிறேன். மெயில்ல ஷேடு தெரியுமா?"

"போட்டோ எடுத்து அட்டாச் பண்ணுங்க."

பாய் முப்பது வருஷமாகத் தோலைப் பார்த்து வருபவர். மெயிலைப் பார்ப்பவர் அல்லர். போய்விட்டார். ஐந்தாவது நிமிடம் சாரே மெயில் போட்டார். 'ஆஸ் டிஸ்கஸ்ட்' என்று தொடங்கியது. பேச்சு நடந்தது உண்மைதான். ஆனால் மெயிலில் ஷேடு வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர் சார். கவனிக்காமல் விட்டது பினிஷிங். டூவில் பினிஷிங் மேனேஜர். சிசியில் எம்.டி., எம்.டி.யின் மகன், கியூ.ஏ., பிளானிங், அக்கவுண்ட்ஸ். அக்கவுண்ட்ஸுக்கு ஷேடு எதற்கு என்று கேட்பவர் ஏற்றுமதி ஆபீசில் வேலை பார்க்காதவர். லாட்டை மறுபடி ஓட்டி, நாள் தவறி, கப்பலில் போக வேண்டியது விமானத்தில் போனால் அந்த ஏர் ஃபிரைட்டை யார் கணக்கில் எழுதுவது என்று தேடப்போவது அவர்கள்தான். தேடும்போது கிடைக்க வேண்டாமா?

சிசி சார் நாளைய விசாரணைக்காக எழுதுகிறவர். மெயில் யாருக்குப் போகிறதோ அவர் அதைப் படிக்கிறாரா என்பதில் அவருக்கு அக்கறை குறைவு. படிக்காமலிருந்தால் இன்னும் நல்லது. 'ஜென்டில் ரிமைண்டர்' போட ஒரு வாய்ப்பு. அதற்கும் பதில் இல்லையென்றால் வெறும் 'ரிமைண்டர்'. மூன்றாவதில் ஜென்டிலும் இருக்காது, 'டியர்' என்ற சொல்லும் இருக்காது, பெயருக்குப் பின்னால் ஒரு கமா மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும்.

நேரம் பார்ப்பதில் பஞ்சாங்கக்காரர் தோற்றார். உள்ளூர் ஆளுக்கு வில்லங்கமான மெயில் என்றால் சனிக்கிழமை மாலை, அவர் பைக்கை உதைக்கிற நேரம். எம்.டி. கண்ணில் பட வேண்டியது என்றால் இரவு 11.47. அந்நேரம் சார் குறட்டையில் இருப்பார். 2019-இல் ஜிமெயிலில் 'ஷெட்யூல் சென்ட்' வந்த பிறகு தூங்கிக்கொண்டே உழைக்க வழி பிறந்துவிட்டது.

இத்தாலிக்காரர்களிடம் அவர் காட்டும் கைவரிசை தனி. அங்கே ஆகஸ்ட் 15-ஐ ஒட்டி ஷூ கம்பெனிகள் இரண்டு மூன்று வாரம் இழுத்து மூடிவிட்டுக் கடற்கரைக்குப் போய்விடும். பையரிடம் கேட்கச் சங்கடமான எதையும், லைனிங் மாற்றமோ டெலிவரி பத்து நாள் தள்ளிப்போவதோ, சார் ஜூலையில் கேட்க மாட்டார். ஆகஸ்ட் இரண்டாம் வாரம் 'மோஸ்ட் அர்ஜென்ட்' என்று தட்டுவார். விடுமுறை என்று தானியங்கிப் பதில் வரும். மூன்றாம் நாள் இன்னொரு மெயில்: தங்களிடமிருந்து மறுப்பு வராததால் ஒப்புதலாக எடுத்துக்கொள்கிறோம்.

சட்டத்தில் அவருக்கு ஒரே ஒரு பிரிவுதான் தெரியும். அதையும் புதுப்பித்து வைத்திருக்கிறார். "முன்னெல்லாம் எவிடென்ஸ் ஆக்ட் 65பி. 2024 ஜூலையிலிருந்து சாக்‌ஷிய அதினியம் 63. மெயில்னா சாட்சி சார்" என்பார், டீ கொண்டுவரும் பையனிடம்கூட.

"பெரிய ஆற்காட்டு நவாப்புன்னு நெனப்பு" என்று கேன்டீனில் அவரைத் திட்டுகிறார்கள். திட்டுகிறவர்கள் தெரியாமலே சரித்திரத்தைத் தொட்டுவிட்டார்கள். நவாப் முகமது அலி வாலாஜாவுக்கும் சென்னைக் கோட்டையிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி கவுன்சிலுக்கும் கடன், படைச்செலவு என்று ஓயாத இழுபறி. நவாப் என்ன செய்தார்? கவுன்சிலின் தலைக்கு மேலே லண்டனுக்கே கடிதம் அனுப்பினார். 1768-இல் ஜான் மெக்பர்சன் என்ற ஆளைத் தன் ஏஜென்டாகவும் அங்கே அனுப்பினார். 1770-இல் கடற்படை அதிகாரி சர் ஜான் லிண்ட்சே, நவாப்பின் அரசவைக்கு இங்கிலாந்து மன்னரின் நேரடிப் பிரதிநிதியாக வந்து இறங்க, கவுன்சில்காரர்களுக்கு முகம் போன போக்கைச் சொல்ல வேண்டியதில்லை. எம்.டி.க்கு சிசி போடுவதை இந்த மண்ணில் தொடங்கிவைத்தவர் யார் என்று கேட்டால் நான் அவரைத்தான் கைகாட்டுவேன். கடனோ குறையவில்லை. 1785-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் அந்தக் கடனைப் பற்றியே ஒரு பெரிய உரை நிகழ்த்தினார். நவாப் 1795-இல் இறந்தார். 1801-இல் ஆற்காட்டு நவாப்பின் ஆட்சியைக் கம்பெனியே எடுத்துக்கொண்டது.

சாருக்காகவும் ஒரு வார்த்தை பேச வேண்டும். எழுத்து இல்லாமல் இன்று தோல் வியாபாரம் இல்லை. பாலாற்றுக் கழிவுநீர் வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம் போட்டது. மாசுபடுத்தியவரே நஷ்டத்தையும் தர வேண்டும் என்றது. 2015 மே முதல் ஐரோப்பாவுக்குப் போகும் ஷூவின் தோலில் குரோமியம் (VI) கிலோவுக்கு 3 மில்லிகிராம் வரை வந்தாலே விற்க முடியாது. இப்படிப்பட்ட உலகத்தில் டெஸ்ட் ரிப்போர்ட்டை மெயிலில் வாங்கிப் பத்திரப்படுத்துகிறவரைக் குறை சொல்ல முடியாது. சிசி சாரிடம் டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கேட்டுப் பாருங்கள். கியூ.ஏ.விடம் கேட்டு மூன்று ரிமைண்டர் போட்டிருப்பதாகச் சொல்வார். ரிமைண்டர்கள் பத்திரமாக இருக்கும். கியூ.ஏ. அறை பக்கத்துக் கதவு.

ஆகவே வாசகரே, அவரிடமிருந்து உங்களுக்கு மெயில் வந்தால் விஷயத்தை அப்புறம் படியுங்கள். முதலில் சிசியில் யார் யார் என்று பாருங்கள். கோபத்தில் நீளமாக எழுதாதீர்கள், அதையும் அவர் ஃபோல்டரில் போட்டுக்கொள்வார். 'ரிப்ளை ஆல்' அழுத்தி ஒரே வரி போதும்: 'சார், காலையில் இதை உங்கள் மேசைக்குக் கொண்டுவந்தவன் நான்தான்.' பினிஷிங் பாய் அந்த ஒரு வரியைப் போடவில்லை. ஏர் ஃபிரைட் அவர் டிபார்ட்மென்ட் கணக்கில்தான் ஏறியது.