ஜாலி டைப்

எங்கள் அலுவலகத்தின் மாட்சிமை தங்கிய உள்ளகப் புகார்க் குழுத் தலைவி அம்மையாருக்கும், உறுப்பினர் பெருமக்களுக்கும், 'வெளி உறுப்பினர்' என்ற பெயரில் எம்.டி. வீட்டுக்குள்ளிருந்தே வந்து சிறப்பித்த எம்.டி.யின் மைத்துனி அவர்களுக்கும் அநேக நமஸ்காரம்.

மேலாளர் மீது நான் கொடுத்த புகாரின் விசாரணைக் குறிப்பு நகல் நேற்று மாலை வந்து சேர்ந்தது. இரண்டாம் பக்கத்தில், 'மேலாளர் நகைச்சுவையாகப் பதிலளித்தார் (அனைவரும் சிரித்தனர்)' என்றிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் முடிவு: 'மேலாளர் இயல்பிலேயே ஜாலி டைப். உள்நோக்கம் இல்லை.' ஏ, பி, ஓ என்று ரத்தத்தில் பிரிவு உண்டு என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஜாலியும் அதில் ஒன்று என்பது தங்கள் கண்டுபிடிப்பு.

அந்த ஜாலியின் சரித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன், குறிப்பில் அதற்கு இடம் போதவில்லை போலிருக்கிறது. 'சேலை நல்லாருக்கு' என்றார். 'தேங்க்ஸ் சார்' என்றேன். அதை நான் புகாரில் எழுதவேயில்லை. 'வீட்டுக்காரர் துபாய்ல, ராத்திரி எப்படித் தூக்கம் வருது?' என்றார். 'சார், என்கிட்ட இப்படிப் பேசாதீங்க' என்றேன். ஜாலி அங்கேயே நின்றிருக்கலாம். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில், எல்லார் எதிரிலும், 'மேடத்துக்கு ஏசியைக் கூட்டி வைங்கப்பா, பாவம், வீட்டுக்காரர் ஊர்ல இல்ல' என்றார். அன்று ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்: 'தூங்கியாச்சா? தனியாவா?'

இதை 'நலம் விசாரிப்பு' என்று கண்டறிந்த தங்கள் கூர்மதியை எப்படிப் புகழ்வது? பதினொரு மணிக்குத் தூங்கியாச்சா என்று கேட்க நம் கேட்டில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். அவரைக் கேட்டிருந்தால் கம்பெனிக்கும் உபயோகமாக இருந்திருக்கும்.

ஜாலிக்கு ஆள் பார்க்கவும் தெரியும். எம்.டி.யின் துணைவியார் வந்தால் கைகட்டி நிற்கும். ஆடிட்டர் அம்மாளிடம் 'எஸ் மேடம்' தவிர வேறு பேச்சு கிடையாது. காண்ட்ராக்டில் இருக்கும் டேட்டா என்ட்ரி பெண்களிடமும், அப்ரைசலுக்கு அவர் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கும் என்னிடமும்தான் பொங்கி வழிகிறது. வாய் தவறி வரும் பேச்சுக்கு யார் யாருக்கு என்ன சம்பளம் என்று எப்படித் தெரிகிறது? உங்களில் ஒருவராவது இதைக் கேட்டிருக்கலாம்.

என்னிடம் நிறையக் கேட்டீர்கள். 'முதல் நாளே ஏன் சொல்லலை?' பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் மூன்று மாதம் வரை அவகாசம் தருகிறது, அம்மா. பிறகு, 'பேசி முடிச்சுக்குங்க' என்று எங்கள் இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து டீ சொன்னீர்கள். புகார் கொடுத்தவள் கேட்டால்தான் சமரசம் என்கிறது அதே சட்டத்தின் 10ஆம் பிரிவு. நான் சமரசம் கேட்கவில்லை. டீயும் கேட்கவில்லை.

உள்நோக்கம் இல்லையாம். செய்தவரின் நோக்கம் முக்கியமல்ல, செய்தது என்ன, அது அந்தப் பெண்ணுக்கு எப்படித் தோன்றியது என்பதே முக்கியம் என்று 2025 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.என். மஞ்சுளா தீர்ப்புச் சொன்னார். பாலியல் சாயம் பூசிய பேச்சு 2013 சட்டத்தில் தனியாகவே இடம்பெற்றிருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதா 75ஆம் பிரிவில் அதற்கு ஓராண்டு வரை சிறையும் உண்டு. தாங்கள் கவனித்திருக்க வழியில்லை. எல்லார் கண்ணிலும் படும்படி வைக்க வேண்டிய 2013 சட்டத்தின் அறிவிப்பு, நம் அலுவலகத்தில் தண்ணீர் கேன்களுக்குப் பின்னால் தொங்குகிறது.

அனைவரும் சிரித்தனர் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த அறையில் நானும் இருந்தேன். நான் சிரிக்கவில்லை. அவர் சொன்ன நகைச்சுவை என்ன என்பதைக் குறிப்பில் போடாமல் விட்டீர்கள். நான் சொல்கிறேன்: 'கோவத்துல மேடம் இன்னும் அழகா இருக்காங்க.' விசாரணை அறையில், உங்கள் கண்ணெதிரே, எதற்காகக் கூப்பிட்டீர்களோ அதையே மறுபடி செய்தார். நீங்கள் சிரித்தீர்கள். 1992இல் ராஜஸ்தானில் ஒரு குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப்போன பன்வாரி தேவிக்கு நடந்த பாலியல் கொடுமைக்குப் பிறகுதான், வேலையிடத்தில் பெண்களைக் காக்க 1997இல் விசாகா தீர்ப்பு வந்தது. அது சட்டமாக இன்னும் 16 வருஷம் ஆனது. அந்தச் சட்டம் தந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சிரித்தீர்களே, வெட்கமாக இல்லை?

மன்னிக்க வேண்டும், ஜாலி சற்றுக் குறைந்துவிட்டது. ரத்தப் பிரிவு அப்படி.

இந்த அரிய குணத்தை ஒரே பிரிவில் முடக்கி வைப்பது கம்பெனிக்கு நஷ்டம். அப்ரைசல் படிவத்தில் ஜாலிக்குத் தனி மதிப்பெண் தாருங்கள். பயணப்படி போல ஜாலிப்படி கொடுங்கள். குழுவின் பெண் உறுப்பினர்கள் தங்கள் கைபேசி எண்களை மேலாளரிடம் தந்துவைத்தால், பதினொரு மணிக்கு நலம் விசாரிக்க அவருக்கும் ஆள் கிடைக்கும், நானும் தூங்குவேன்.

கடைசியாக ஒரு நன்றி. 'மனுதாரரின் மன அமைதி கருதி' மேலாளரை அதே கேபினில் வைத்துவிட்டு என் இருக்கையை மூன்றாம் மாடி ஜெராக்ஸ் அறைக்கு மாற்றியிருக்கிறீர்கள். மேல்முறையீட்டுக்கு 2013 சட்டத்தின் 18ஆம் பிரிவு 90 நாள் தருகிறது. எனக்கு அத்தனை நாள் வேண்டாம். வாட்ஸ்அப் ஸ்கிரீன்ஷாட்டுகளுக்கு எத்தனை செட் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள, மெஷின் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. டோனர் மட்டும் தீர்ந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
ஜாலி டைப் அல்லாத ஊழியை