நோகாமல் வக்கீல் ஆவது எப்படி?

முதலில் ஆப்ஷனல் பேப்பர். பாடத்தின் பெயரைப் பார்க்காதீர்கள். அதற்குக் கடையில் விற்கும் கைடு எத்தனை பக்கம் என்று பாருங்கள். மெலிந்த கைடே மேலான பாடம். இரண்டும் ஒரே தடிமன் என்றால், காலை முதல் பீரியட் இல்லாதது எதுவோ அது. அப்படியும் முடிவு வரவில்லையா, பக்கத்து பெஞ்சு நண்பன் எதற்குக் கையெழுத்துப் போட்டானோ அதற்கே போடுங்கள். சர்வதேசக் கடல் சட்டம் கிடைத்தால் விடவே விடாதீர்கள். நாளை முன்சீஃப் கோர்ட்டில் வரப்புத் தகராறுக்கு நிற்கும்போது, கரையிலிருந்து 12 கடல் மைல் வரை யாருடைய ஆட்சி எல்லை என்பது உங்களுக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். வரப்பு யாருடையது என்பதை எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லிக்கொள்வார்.

பேர் ஆக்ட் வாங்குவது வீண் செலவு. பழைய கைடு பாதி விலைக்கே கிடைக்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கொலைக்கு 302 போய் 103, மோசடிக்கு 420 போய் 318. ஆனால் ஊர்வாய் இன்னும் 420-ஐ விடவில்லையே, நீங்கள் மட்டும் ஏன் விட வேண்டும்? தொழில் செய்ய எழுத வேண்டிய அகில இந்திய பார் தேர்வுக்குக் குறிப்புரை இல்லாத பேர் ஆக்டைக் கையோடு கொண்டுபோகலாம். அன்றைக்குத்தான் முதன்முதலாகத் திறக்கப்போகிறீர்கள். தாள்கள் ஒட்டிக்கொண்டிருக்கும், முந்தின இரவே பிரித்து வையுங்கள்.

மூட் கோர்ட்டுக்குக் கோட்டை அயர்ன் செய்தால் போதும். கேள்வி வந்தால், "அதற்குத்தான் வருகிறேன், மை லார்ட்" என்று சொல்லுங்கள். வர வேண்டியதில்லை.

அடுத்தது இன்டர்ன்ஷிப். பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம். பயப்படாதீர்கள், மாமாவுக்குத் தெரிந்த சீனியர் ஒருவர் எப்படியும் இருப்பார். முதல் நாள் பழத்தோடு போய் ஒரு கும்பிடு, கடைசி நாள் சர்டிபிகேட்டுக்கு ஒரு கும்பிடு. நடுவில் உள்ள நாட்களுக்கு டைரியில் இப்படி எழுதலாம்: "இன்று சிவில் கோர்ட்டுக்குப் போனேன். வாய்தா போட்டார்கள்." எந்தத் தேதிக்கும் பொருந்தும், பொய் என்று எவராலும் நிரூபிக்க முடியாது.

தப்பித்தவறி ஆபீசுக்கே போய்விட்டால், குமாஸ்தா பக்கத்தில் மட்டும் உட்கார்ந்துவிடாதீர்கள். சீனியரால் ஆபத்தில்லை, அவருக்கு உங்களிடம் பேச நேரமிருக்காது. குமாஸ்தா அப்படியல்ல. மனு ஏன் ரிட்டர்ன் ஆனது, கோர்ட் ஃபீ எவ்வளவு, வக்காலத்தில் எங்கே கையெழுத்து, எந்தக் கட்டை எந்தக் கிளார்க்கிடம் கேட்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொடுத்துவிடுவார். செக் பவுன்ஸ் கேஸ் ஒன்று வந்தால் தீர்ந்தது. பேங்க் தகவல் கிடைத்த 30 நாளுக்குள் நோட்டீஸ், நோட்டீஸ் கைக்குப் போய் 15 நாளில் பணம் வராவிட்டால் அதற்கப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார் என்று காலண்டரில் பேனாவால் வட்டம் போட்டு எண்ணிக் காட்டுவார். கைடில் மூன்று வரி. இவரிடம் ஒருமுறை பார்த்தால் ஆயுசுக்கும் மறக்காது. பரீட்சைக்கு முந்தின இரவு விடிய விடிய மனப்பாடம் செய்கிற சுகம் போய்விடும்.

கட்சிக்காரரிடம் விவரம் கேட்கும் பயிற்சிக்கும் மார்க் உண்டு. நண்பனைக் கட்சிக்காரராக உட்கார வைத்து முடித்துவிடுங்கள். நிஜக் கட்சிக்காரர் பத்திரத்தை வீட்டில் வைத்துவிட்டு வருவார், தாத்தா காலத்துச் சண்டையிலிருந்து ஆரம்பிப்பார், கேஸைக் கெடுக்கும் விஷயத்தை வாசல்படி இறங்கும்போதுதான் சொல்வார். அதைக் கேட்டு வாங்கும் வித்தை எந்தப் பேப்பரிலும் இல்லை.

இதெல்லாம் எதற்கு, நேரே ஜட்ஜ் ஆகிவிடுகிறேன் என்பவர்களுக்கு ஒரு கெட்ட செய்தி. சிவில் நீதிபதித் தேர்வு எழுத மூன்றாண்டு வக்கீல் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் மறுபடியும் சொல்லிவிட்டது. அந்த அனுபவத்துக்குப் பத்தாண்டு தொழில் செய்த வக்கீல் சான்று கொடுத்தாலும், அதில் முதன்மை நீதித்துறை அலுவலரின் மேலொப்பமும் வேண்டும். அங்கே மாமாவுக்குத் தெரிந்த சீனியர் மட்டும் போதாது.